காற்று பிரிந்ததா?

என் சகலையை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நேரில் ‘அண்ணே’, தலை மறைந்ததும் ‘உஷ்’. அந்தப் பட்டத்தை வைத்தவன் நான். கதவு கிறீச்சிட்டால் உஷ் என்பார். கரண்டி கீழே விழுந்தால் உஷ். எனக்குத் தும்மல் வரப்போகிறது என்று என் மூக்குக்கே தெரிவதற்குள் அவர் விரல் உயர்ந்துவிடும். ஒரே வீட்டில் பெண் எடுத்த பாவத்துக்காக எத்தனையோ வருடங்களாக அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் தொழில் அப்படி. கண் தெரியாத மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து கொடுக்கும் ஓர் அறக்கட்டளையில் ஒலிப்பதிவாளர். நான் லாரி டயர் விற்கிறவன். என் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் ஓடும், சம்மட்டி விழும், அதையெல்லாம் மீறிக் கத்தினால்தான் ஒருவன் சொல்வது இன்னொருவன் காதில் ஏறும். அந்தத் தொண்டையை வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர எனக்குத் தெரியாது. எங்கள் இருவருக்கும் எப்படி ஒத்துப்போயிற்று என்று கேட்டால், ஒத்துப்போகவில்லை என்பதுதான் பதில். ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஆள் வேண்டும் என்றபோது கூப்பிட்டது என்னைத்தான்.

அவருடைய பதிவு அறையை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம், மாடியில், ஒற்றை அறை. சுவர் முழுக்க மேடு பள்ளமான பஞ்சுப் பலகை. பெரிய இடங்களில் வாசிப்பவர் ஒரு பக்கம், பதிவு செய்பவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காருவார்களாம். இங்கே கண்ணாடி போட இடமில்லை. ஒரே மேசை. இந்தப் பக்கம் மைக்கும் வாசிப்பவரும், அந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு என் சகலை. பதிவு ஓடும்போது மின்விசிறி கிடையாது. சலசலக்கும் துணி போடக் கூடாது என்று வெளுத்துப்போன பருத்திச் சட்டையில்தான் போவார். கைக்கடிகாரத்தை வெளியே கழற்றி வைத்துவிடுவார். அவர் உட்காரும் மர நாற்காலிக்கு நாலு மூலையிலும் அவரே பசை ஊற்றியிருந்தார். அதில் குதித்தாலும் முனகாது. அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், அறையில் ஆள் இருப்பதாகவே தோன்றாது. அதுதான் அவருக்குப் பெருமை.

வாசிப்பவர் சத்தத்துக்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். வாசிக்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் இரண்டு பிஸ்கட் சாப்பிட வேண்டும். பசித்த வயிறு சும்மா இருக்காது. இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் குடல் தன்னைத் தானே கூட்டிப் பெருக்கிக்கொள்ளும். மிச்சம் மீதியையெல்லாம் அலை அலையாகக் கீழே தள்ளும். உள்ளே சரக்கு இல்லாததால் காற்றும் தண்ணீரும் உருண்டு கடமுட என்று கேட்கும். இரண்டு பிஸ்கட் போட்டால் குடல் பெருக்குவதை நிறுத்திவிட்டு அரைக்கிற வேலையைப் பார்க்கும். இந்த விவரத்தைச் சொன்னவர், அங்கே அறிவியல் புத்தகங்களை வாசிக்க வரும் ஓய்வு பெற்ற டீச்சர். அவர் சொன்னதை என் சகலை சட்டமாக்கிவிட்டார்.

வீட்டிலும் அதே ஆட்சிதான். அவர் மனைவி, என் மனைவிக்கு மூத்தவள். நானும் அக்கா என்றே கூப்பிடுவேன். காய் நறுக்கும் பலகைக்கு அடியில் துணியை மடித்து வைத்து நறுக்குவாள். பாத்திரத்தைக் கழுவி அடுக்கினால் பஞ்சை அடுக்குவது போலிருக்கும். அவளோடு போனில் பேசினால் லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொல்ல வேண்டும். அவளுடைய தங்கையோ அடுப்படியில் பேசினால் தெருமுனையில் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சத்தியம் செய்தால்தான் நம்புவார்கள்.

இப்படி இருந்த மனிதருக்கு மலத்தோடு இரத்தம் போக ஆரம்பித்தது. அதையும் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டிருந்தார். பேண்ட் இடுப்பில் நிற்காமல் போனதும் அக்கா எனக்குப் போன் செய்தாள். நான் மூன்று தடவை ஹலோ சொன்னேன்.

பெருங்குடலின் கடைசிப் பகுதியில் கட்டி. வேறெங்கும் பரவவில்லை. அறுத்து எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்துவிடலாம் என்றார் பெரிய டாக்டர். எங்களை உட்கார வைத்துக் காகிதத்தில் வரைந்து காட்டினார். “வாயிலிருந்து கடைசி வரைக்கும் ஒரே குழாய்தான். நடுவுல இரைப்பைன்னு ஒரு பை, அப்புறம் நீளமா சிறுகுடல், அதைச் சுத்திச் சட்டம் போட்ட மாதிரி பெருங்குடல். கல்லீரலும் கணையமும் பக்கத்துல நின்னு சாறு ஊத்தும். மனுஷன்னா என்ன? இந்தக் குழாயைச் சுத்திக் கட்டின வீடு, அவ்வளவுதான்.”

எனக்கு நன்றாகப் புரிந்தது. டியூப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

“தைச்ச இடம் ஆறுற வரைக்கும் அந்த வழியில எதையும் விடக்கூடாது,” என்றார் டாக்டர். “அதனால சிறுகுடலை, அது முடியற இடத்துக்குப் பக்கத்துல வெளிய எடுத்து, வயித்துல வலது பக்கம் ஒரு வாய் வெச்சிடுவோம். அது மேல ஒரு பை ஒட்டிக்கும். ஆறினதும் மறுபடி உள்ள வெச்சு மூடிடலாம்.”

“ஒட்டுப் போட்ட டியூபுக்கு உடனே காத்தடிக்க மாட்டோம்ல, அந்த மாதிரி,” என்றேன் நான், சகலைக்குப் புரியட்டும் என்று. அவர் என்னைப் பார்த்து உஷ் என்றார்.

அறுவை நல்லபடி முடிந்தது. அந்தப் புது வாயை நான் பார்த்தேன். கீழுதட்டை மடித்துப் பார்த்தால் உள்ளே தெரியுமே, அந்த ஈரச் சிவப்பு. தொட்டால் வலிக்காது, குடலுக்குத் தொடுகிற உணர்ச்சி கிடையாதாம். ஆனால் அடிக்கடி தானாகவே சுருங்கி விரியும். சகலை முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா பையை மாற்றக் கற்றுக்கொண்டாள். சிறுகுடலிலிருந்து வருவதில் செரிமானச் சாறு இருக்கும், தோலில் பட்டால் வெந்துபோகும் என்று நர்ஸ் சொன்னாள். அதனால் ஒவ்வொரு தடவையும் சுற்றிலும் துடைத்து, காயவைத்து, பசையை அழுத்தி ஒட்டுவாள். வாய் திறக்காமல் எல்லாம் செய்வாள்.

பிரச்சினை பையில் இல்லை. கதவில் இருந்தது. இயற்கை கொடுத்த வழியின் முடிவில் இரண்டு தசை வளையங்கள் இருக்கின்றன. ஒன்று தன்னிஷ்டத்துக்கு வேலை செய்யும். இன்னொன்று நாம் சொன்னபடி கேட்கும். மனிதன் தன்னை நாகரிகமானவன் என்று சொல்லிக்கொள்வதெல்லாம் இந்த இரண்டாவது வளையத்தின் தயவில்தான். வயிற்றில் வைத்த புது வாய்க்கு எந்த வளையமும் கிடையாது. வருவது எப்போது வேண்டுமானாலும் வரும். காற்றும் அப்படித்தான், சத்தத்தோடு. வாழ்நாள் முழுக்க ஊரை அடக்கியவரின் வயிற்றில் அடங்காத ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நான் சிரித்தேன். தனியாகப் போய்த்தான் சிரித்தேன்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் வேலைக்குப் போனார். அன்று டீச்சர் வாசிக்க வந்திருந்தார். பாடம், என்ன சொல்ல, செரிமான மண்டலம். டீச்சர் வழக்கம்போல இரண்டு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு, வாயில் உணவு உமிழ்நீரோடு கலப்பதிலிருந்து ஆரம்பித்தார். உணவுக்குழாயில் இறங்குவதற்குள் சகலையின் விரல் உயர்ந்தது.

“டீச்சர், வயிறு பேசுது. இன்னும் ரெண்டு எடுத்துக்குங்க.”

டீச்சர் எடுத்துக்கொண்டார். இரைப்பை வந்தது, அமிலம் சுரந்தது, உணவு கூழானது. மறுபடி விரல். மறுபடி பிஸ்கட். சிறுகுடலில் பித்தநீர் வந்து கொழுப்பை உடைத்து, குடலுறிஞ்சிகள் சத்தை இழுத்து இரத்தத்துக்குக் கொடுக்கத் தொடங்கியபோது பிஸ்கட் பொட்டலம் காலி. ஹெட்போனில் கேட்கிறபோது சத்தம் மைக்கின் பக்கமிருந்துதான் வரும். மைக்குக்கு முன்னால் இருப்பது வாசிப்பவர். அத்தனை வருடமும் அந்தச் சத்தம் வாசிப்பவருடையதாகத்தான் இருந்திருக்கிறது. தன் வயிற்றுச் சத்தம் மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே மைக்கை எட்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

டீச்சர் தண்ணீர் குடிக்க வெளியே போனார். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஆளில்லாத நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் சகலையின் இரண்டு காதிலும் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது.

டீச்சர் திரும்பி வந்தபோது ஹெட்போன் மேசைமேல் இருந்தது.

“டீச்சர், அது உங்க வயிறு இல்ல.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் அத்தனையும் சாப்பிட்டீங்க?”

“நீங்க குடுத்தீங்க, சாப்பிட்டேன்,” என்றார் டீச்சர். “ஆனா கொஞ்சம் நமுத்துப் போயிருந்துச்சு.”

இதை டீச்சரே பிறகு எனக்குச் சொன்னார். சகலை அன்று பாடத்தைப் பெருங்குடலுக்கு முன்னால் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று சாப்பிடாமல் போனார். பிறத்தியாருக்கு எடுத்த பாடம் தனக்கு மறந்துவிட்டது. வெறும் குடல் இன்னும் பலமாகப் பெருக்கியது. சத்தம் கூடியது. அதோடு பெருங்குடல் சும்மா கிடந்தது. சக்கையிலிருந்து தண்ணீரை இழுத்து உடம்புக்குத் திருப்பிக் கொடுக்கிற வேலையை அதுதான் செய்யும். அது வேலை செய்யாதபோது, உப்பும் தண்ணீரும் கணக்கில்லாமல் பைக்குள் போய்விடும். மாடிப்படியில் கண்ணை இருட்டிக்கொண்டு விழுந்தார். பெரிய டாக்டர் உப்புநீர் ஏற்றிவிட்டு நன்றாகத் திட்டி அனுப்பினார்.

அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. “மூடினதுக்கப்புறம்தான் அந்த நாற்காலியில உக்காருவேன்,” என்று சொல்லிவிட்டார். அறக்கட்டளை வேறு ஓர் ஆளைத் தற்காலிகமாகப் போட்டது. அவன் செய்த பதிவுகளை வாங்கி வந்து வீட்டில் உட்கார்ந்து கேட்பார். பக்கம் புரளும் சத்தம், நாற்காலி நகரும் சத்தம், எங்கோ ஒரு ஹாரன். பல்லைக் கடிப்பார். அந்த வீட்டில் அதுவரை நான் பார்த்திராத ஒரு காரியத்தையும் பார்த்தேன்: பகலிலேயே போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று வயிற்றின்மேல் தலையணை. அக்கா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒட்டு ஆறியது. டாக்டர் சம்மதித்தார். குடலை உள்ளே வைத்து மூடினார்கள். சின்ன அறுவைதான் என்றார்கள், முதலாவதை விட. சகலை மயக்கம் தெளிந்ததும் வலது பக்கம் தடவிப் பார்த்தார். பை இல்லை, கட்டு மட்டும். அவர் சிரித்ததை அன்றுதான் பல் தெரியப் பார்த்தேன்.

நர்ஸ் வந்து கேட்டாள். “காத்து பிரிஞ்சுதா?”

“இல்லம்மா.”

“பிரிஞ்சதும் சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் சாப்பாடு.”

கத்தி பட்ட குடல் கோபித்துக்கொள்ளும். சும்மா சுருண்டு கிடக்கும், அலை அடிக்காது. அது எழுந்து வேலையைத் தொடங்கிவிட்டது என்பதற்கு முதல் அடையாளம் காற்று. இதை யாரும் மேடையில் சொல்ல மாட்டார்கள், ஆனால் அறுவை வார்டில் அதைவிடப் பெரிய செய்தி கிடையாது. நர்ஸ் மாறினாலும் கேள்வி மாறவில்லை. காலையில் காத்து பிரிஞ்சுதா, மாலையில் காத்து பிரிஞ்சுதா. துடைக்க வந்த பெண்மணிகூட வாளியை வைத்துவிட்டு, “பிரிஞ்சுதா சார்?” என்று கேட்டாள். அடுத்தவர் காதில் விழுந்துவிடுமோ என்று பயந்து வாழ்ந்த மனிதர், எல்லாரிடமும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நடக்கச் சொன்னார்கள். நடந்தார். வராந்தாவில் நான் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். சூயிங்கம் மெல்லச் சொன்னார்கள். மென்றால், சாப்பாடு வருகிறது என்று வயிறு ஏமாந்து எழுந்துகொள்ளுமாம். யாராவது எதையாவது சவக் சவக் என்று மெல்வதைக் கேட்டால் அறையை விட்டு எழுந்து போகிறவர் என் சகலை. அவர் தாடையை ஆட்டி ஆட்டி மென்றார். வயிறு ஏமாறவில்லை. மத்தளம்போல உப்பியது. பிறகு பச்சையாக வாந்தி. கீழே போக வேண்டிய பித்தம் வழி தெரியாமல் மேலே வந்துவிட்டது. மூக்கு வழியாக இரைப்பை வரைக்கும் ஒரு குழாயை இறக்கி, தேங்கியதை உறிஞ்சி எடுத்தார்கள்.

பெரிய டாக்டர் எங்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். “இன்னும் கொஞ்சம் பார்ப்போம். குடல் அசையலைன்னா மறுபடி திறக்கணும். திறந்தா, பழையபடி பை வெக்க வேண்டி வரலாம். அது நிரந்தரமாவும் போகலாம்.”

“அவருக்குத் தெரியுமா?” என்று அக்கா கேட்டாள்.

“என்னம்மா?” என்றார் டாக்டர். அவள் கேட்டது அவர் காதில் விழவில்லை. நான் திருப்பிச் சொன்னேன், வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி. உள்ளே அவருக்கும் கேட்டிருக்கும்.

அன்று டீச்சர் பார்க்க வந்தார். கட்டிலருகே நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னார். “அந்த ஆளோட என்னால வாசிக்க முடியல. செரிமானப் பாடம் பாதியில நிக்குது. பையோட வந்தாலும் சரி, பையில்லாம வந்தாலும் சரி, நீங்கதான் வந்து உக்காரணும். சத்தம் வந்தா வரட்டும், அந்த வரியை மறுபடி வாசிக்கிறேன். எனக்கென்ன அவசரம்?” சகலை மூக்குக் குழாயோடு தலையை மட்டும் ஆட்டினார். டீச்சர் போன பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்காலி போகவில்லை என்று தெரிந்துவிட்டது. குடல்தான் எழுந்திருக்கவில்லை.

சின்ன டாக்டர் ஒருவர் ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் நாலு இடத்தில் வைத்துக் கேட்டார். சகலை கையை நீட்டினார். “நான் ஒரு தடவை கேக்கலாமா?” அவர் கொடுத்துவிட்டார். சகலை கண்ணை மூடிக்கொண்டு தன் வயிற்றைக் கேட்டார். வெகு நேரம் கேட்டார். அவர் கண்ணை மூடிக் கேட்பதை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். அன்று வாய் வரவில்லை.

“காலியான ரூமுக்குக்கூட ஒரு சத்தம் உண்டு, சகலை,” என்று என்னிடம் சொன்னார். “சுவர், காத்து, தூரத்துல ஏதாவது. அதைத் தனியாப் பதிவு பண்ணி வெச்சுக்குவோம். இதுல அதுவும் இல்ல.”

எனக்குப் பயமாக இருந்தது. பயத்தில் டாக்டரைத் திட்டினேன், ஆஸ்பத்திரியைத் திட்டினேன், வராந்தா கதவை ஓங்கிச் சாத்தினேன். யாரும் உஷ் சொல்லவில்லை.

மறுநாள் பிற்பகல். பக்கத்துக் கட்டில்காரர்கள் அசந்து கிடந்தார்கள். அக்கா அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலோரம் நின்று கீழே வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விரல் உயர்ந்தது. அக்காவின் கை அப்படியே நின்றது. போர்வைக்குள் முதலில் சின்னதாக ஒரு முனகல். பிறகு லாரி டயரின் வால்வைத் திறந்துவிட்டால் வருமே, அப்படி ஒன்று, நீளமாக, நிதானமாக, நடுவில் ஒரு தடவை விக்கி, மறுபடி தொடர்ந்து முடிந்தது.

“கேட்டுச்சா?” என்றார் சகலை.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள்.

“நர்ஸ்கிட்ட சொல்லு. இங்கிருந்தே சொல்லு.”

“சிஸ்டர்,” என்றாள் அக்கா. அந்தக் குரல் கட்டிலின் கால்மாட்டைக்கூடத் தாண்டவில்லை.

“சத்தமா சொல்லு.”

“எல்லாரும் தூங்குறாங்கங்க...”

“பரவாயில்ல, கத்து!”

அக்கா எழுந்து நின்றாள். மூச்சை இழுத்தாள்.

“சிஸ்டர்! காத்து பிரிஞ்சிருச்சு! எங்க வீட்டுக்காரருக்குக் காத்து பிரிஞ்சிருச்சு!”

நான் சத்தத்தில் பிழைக்கிறவன். அப்படியொரு குரலை என் கடையிலும் கேட்டதில்லை. வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்தது. கோடியில் இருந்த கட்டிலில் யாரோ கை தட்டினார். நர்ஸ் ஓடி வந்தாள். “ஏம்மா, ஆஸ்பத்திரியில இப்படியா கத்துறது?” என்று கேட்டுவிட்டு, அவளே சிரித்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். அக்கா அழுதுகொண்டிருந்தாள். நானும்தான், மறைக்க என்ன இருக்கிறது.

சகலை மட்டும் கண்ணை மூடியபடி இருந்தார். பதிவில் ஒரு வரியை மறுபடி ஓட்டிக் கேட்கும்போது அப்படித்தான் இருப்பார். கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார்.

“குரல் நல்லா இருக்கே,” என்றார். “கனமா, எங்கயும் உடையாம. இத்தனை வருஷமா இது எங்க இருந்துச்சு?”

அக்கா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“வீட்லதான் இருந்துச்சு,” என்றாள்.